லான்ஸ்டவுனுக்கு நாலு டிக்கெட்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது பன்னிரண்டாவது பொதுத்தேர்வுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை இருந்தா எடிட்டர் பார்த்துக்குவார். அதையும் தாண்டி வந்ததை நீங்க மன்னிச்சுக்கோங்க.

இது ஒரு பயணக் கட்டுரை. ஆனா நாங்க இன்னும் போகலை. டிசம்பர்லதான் போறோம். போறதுக்கு முன்னாடியே என்ன பயணக் கட்டுரைன்னு கேப்பீங்க. பிளான் போட்ட ரெண்டு மாசத்துல நடந்ததை எழுதினாலே ஒரு கட்டுரை ஆகிடும், அதனாலதான்.

எங்க வீடு முத்தியால்பேட்டையில, மணிக்கூண்டுல இருந்து நடந்து போற தூரம். கிழக்க போனா கடல். வடக்க கொஞ்சம் போனா கோட்டக்குப்பம், அங்கேயே புதுச்சேரி முடிஞ்சு தமிழ்நாடு ஆரம்பிச்சிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடுன்னு ஒண்ணு கிடையாது. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டப்போ ஏத்தம்னா என்னன்னே எனக்குத் தெரியாது. சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்ச உயரமான பொருள் அந்த மணிக்கூண்டுதான். அப்படிப்பட்ட ஊர்ல இருந்து இமயமலைக்குப் போகணும்னு ஆசை வந்தா அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை.

அஞ்சு பேர். வழக்கம்போல ஒரு வாட்ஸ்அப் குரூப். பேரு 'மேல போறோம்'. (எங்க அம்மா அந்தப் பேரைப் பார்த்துட்டு "வாயில நல்ல வார்த்தையே வராதா?"ன்னு திட்டினாங்க. அதுக்கப்புறம் 'மலைக்குப் போறோம்'னு மாத்தினோம்.) ஃபைனல் இயர். ஏழாவது செமஸ்டர் பரீட்சை முடிஞ்சதும் போயிட்டு வந்துடணும், அதுக்கப்புறம் யார் எந்த ஊர்ல வேலைக்குப் போவான்னு தெரியாது. உங்ககிட்டயும் இப்படி ஒரு குரூப் இருக்கும். அதுல பாதி 'கோவா 2023'ன்னு பேரோட செத்துப்போய்க் கிடக்கும். எங்களோடது அப்படி ஆகக்கூடாதுன்னு நான் ஒரு எக்செல் ஷீட் ஆரம்பிச்சேன். பிரச்சினை அங்கதான் ஆரம்பிச்சது.

முதல்ல எந்த ஊர்னே முடிவாகலை. எல்லாருமே மணாலின்னாங்க. ரீல்ஸ்ல பார்த்த மணாலி. ரோட்டுல வண்டி நகர முடியாம வரிசையா நிக்கற வீடியோவையும் அதே ரீல்ஸ்லதான் பார்த்தேன். நம்ம ஊர்ல சனி ஞாயிறு வந்தா பீச் ரோட்டுல நடக்க முடியாது. அதே கூட்டத்தைப் பார்க்க ரெண்டு ராத்திரி ரயில்ல போகணுமா? அமைதியான ஊரா வேணும்னேன். அமைதியான ஊருக்குப் போய் என்ன பண்றதுன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

பதில் எங்க கேப்டன்கிட்ட இருந்து வந்தது. கேப்டன்னா எந்த டீமுக்கும் கேப்டன் இல்லை, ஸ்கூல்ல வந்த பட்டப்பேர். அவனும் முத்தியால்பேட்டைதான், எங்க தெருவுல இருந்து மூணு தெரு தள்ளி. ஒரு சாயங்காலம் பீச் ரோட்டுல பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்துக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தோம். 1938-ல திறந்தது. முதல் உலகப் போர்ல பிரான்சுக்காகப் போய்ச் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகக் கட்டினது. ஜூலை 14 அன்னிக்கு விளக்கு போட்டு அலங்கரிப்பாங்களே, அதுதான். சொல்தா குடும்பங்கள் இருக்கற ஊர்ல வளர்ந்ததால அது எங்களுக்குப் புதுசு இல்லை. தினம் பார்க்கறதாலயே அதைச் சரியா பார்த்ததும் இல்லை.

கேப்டன் திடீர்னு கேட்டான். "நம்ம ஊர்க்காரங்க பிரான்சுக்காகப் போனாங்க. அதே சண்டைக்கு இங்கிலீஷ்காரன் சார்பா நம்ம நாட்டுல இருந்து யார்லாம் போனாங்கடா?"

போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சான். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்ல ஒரு ஊர் பேர் வந்தது: லான்ஸ்டவுன்.

உத்தராகண்ட்ல, பௌரி கட்வால் மாவட்டத்துல இருக்கற சின்ன மலையூர். 1887-ல பிரிட்டிஷ்காரங்க உருவாக்கினது, அதுக்கப்புறம் வைஸ்ராயா வந்த லான்ஸ்டவுன் பிரபு பேரை வெச்சாங்க. அதுக்கு முன்னாடி அந்த இடத்தோட பேர் காலுடாண்டா, அதாவது கருப்பு மலை. கட்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவோட தலைமையிடம் இன்னிக்கும் அங்கதான். ஊரே கன்டோன்மென்ட், அதனால இஷ்டத்துக்குக் கட்டடம் கட்ட முடியாது. மணாலி மாதிரி ஆகாம இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

அந்தப் படைப்பிரிவு 1914-ல பிரான்சுக்குப் போச்சு. அந்த நவம்பர்ல ஃபெஸ்டுபெர் பக்கத்துல நடந்த சண்டைக்காக தர்வான் சிங் நேகிக்கு விக்டோரியா கிராஸ் கிடைச்சது. முதன்முதலா அதை வாங்கின இந்திய வீரர்கள்ல அவர் ஒருத்தர். அவர்கிட்ட ராஜா என்ன வேணும்னு கேட்டப்போ, எங்க கர்ணபிரயாக்குக்கு ஒரு ஸ்கூல் வேணும்னு கேட்டாராம். அந்தப் பக்கம் இன்னிக்கும் இந்தக் கதையைச் சொல்றாங்க. இன்னொருத்தர் கபர் சிங் நேகி. 1895-ல பிறந்தவர், 1915 மார்ச் 10 அன்னிக்கு நியூவ் ஷாப்பெல் சண்டையில செத்துட்டார். அவருக்கும் விக்டோரியா கிராஸ், இறந்ததுக்கப்புறம். வருஷத்தைக் கழிச்சுப் பாருங்க. நம்மளைவிடச் சின்னப் பையன்.

மறுநாள் கேப்டன் இன்னொரு கதையோட வந்தான். 1930 ஏப்ரல் 23, பெஷாவர். கிஸ்ஸா குவானி பஜார்ல கையில ஆயுதம் இல்லாத கூட்டம். சுடச் சொல்லி உத்தரவு. கட்வால் ரைஃபிள்ஸைச் சேர்ந்த சந்திர சிங் கட்வாலியும் அவரோட ஆட்களும் சுட மாட்டோம்னு நின்னுட்டாங்க. ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அவர் பல வருஷம் ஜெயில்ல இருந்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல இன்னா நடந்துச்சு, தெரியும்ல?"ன்னு கேட்டான்.

தெரியும். 1936 ஜூலை 30. வேலைநிறுத்தம் செஞ்ச மில் தொழிலாளர்கள் மேல சுட்டாங்க. 12 பேர் செத்தாங்க. ஸ்கூல்ல ஒரு வரி படிச்சிருக்கேன். கேப்டனுக்கு அது ஒரு வரி இல்லை. அவன் கொள்ளுத்தாத்தா மில் தொழிலாளி, அந்தக் கூட்டத்துல இருந்தவர்னு வீட்டுல சொல்வாங்களாம். தாத்தாவும் மில். அப்பாவும் மில்தான், மூடற வரைக்கும்.

"அங்க சுட மாட்டேன்னு சொன்னவங்களோட ஊரை ஒரு தடவை பார்த்துட்டு வரணும்டா"ன்னான்.

அதுக்கப்புறம் யாரும் மணாலியைப் பத்திப் பேசலை. இதை எதுக்கு இவ்வளவு விவரமா சொல்றேன்னா, அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது அவன்தான்ங்கறதை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். நான் மறந்துட்டேன்.

சரி, பிளான். நீங்களும் போற ஐடியாவுல இருந்தா இந்தப் பகுதி பயன்படும்.

முதல் ஆச்சரியம் உயரம். லான்ஸ்டவுன் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,700 மீட்டர். நம்ம ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானலும் ரெண்டாயிரத்துக்கு மேல. அதாவது இமயமலைக்குப் போறோம்னு சொல்லிட்டு ஊட்டியைவிடக் குறைஞ்ச உயரத்துக்குத்தான் போறோம். இதைச் சொன்னதும் குரூப்ல ஒருத்தன் "அப்ப ஊட்டிக்கே போலாமே"ன்னான். அங்க நின்னு நிமிர்ந்து பார்த்தா என்ன தெரியும்ங்கறதுதான் வித்தியாசம். டிப்-இன்-டாப்னு ஒரு இடம். வானம் தெளிவா இருந்தா அங்க இருந்து சௌகம்பா தெரியும். 7,138 மீட்டர், வருஷம் முழுக்கப் பனி. சௌகம்பான்னா நாலு தூண். இன்னொரு நல்ல விஷயம், உயரத்தால வர்ற மூச்சுத்திணறல், தலைவலி எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலதான் ஆரம்பிக்கும். கடல் மட்டத்துலயே பிறந்து வளர்ந்த நமக்கு முதல் மலைன்னா இது சரியான உயரம்.

எப்போ போறதுங்கறது அடுத்த கேள்வி. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் மழை, மலைச்சரிவு, வேண்டாம். மே, ஜூன் மாசம் டெல்லி வெயில் தாங்காம அங்க இருக்கறவங்க எல்லாம் மேல வருவாங்க. டெல்லியில இருந்து 250 கிலோமீட்டர் சுமார்தான், அதனால வருஷம் முழுக்க சனி ஞாயிறு கூட்டம் இருக்கும். வாரநாள்ல போனா வாடகையும் குறைவு, சத்தமும் குறைவு. டிசம்பர்ல நல்ல குளிர், ஆனா மலை தெளிவா தெரிய வாய்ப்பு அதிகம். பனி கொட்டும்னு நினைச்சுட்டுப் போகாதீங்க. அங்க பனி விழறது எப்பவாவது ஒரு தடவை. குளிர்னா என்னன்னு நமக்கு எங்க தெரியும்? நம்ம மார்கழிக்கே எங்க ஆயா காதுல மப்ளர் சுத்திக்கும். ஸ்வெட்டர் வாங்கணும்னு கடைக்குப் போனா, கடைக்காரர் மழைக்கோட்டை எடுத்துக் காட்டறார்.

அப்புறம் ரயில். நம்ம புதுச்சேரியில இருந்தே புதுடெல்லிக்கு வாரத்துக்கு ஒரு வண்டி இருக்கு. ஏறி உட்கார்ந்தா ரெண்டு ராத்திரி. திரும்பறப்போ அது எங்க தேதிக்கு ஒத்து வரலை, அதனால டெல்லியில இருந்து சென்னை வண்டி, அங்க இருந்து ஈ.சி.ஆர். பஸ். முன்பதிவு முன்னாடி 120 நாளா இருந்தது, 2024 நவம்பர்ல இருந்து 60 நாளாக்கிட்டாங்க. இந்த 60 நாளை மறக்காதீங்க, கடைசியில வரும். டெல்லியில இருந்து கோட்துவார் வரைக்கும் ரயிலும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. கோட்துவார்தான் மலையடிவாரம். 'துவார்'னா வாசல், கட்வாலுக்குள்ள போற வாசல்னு வெச்சுக்கோங்க. அங்க இருந்து லான்ஸ்டவுன் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை, துகட்டா வழியா. ஷேர் ஜீப் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில வட இந்தியாவுல மூடுபனியால ரயில் மணிக்கணக்குல லேட் ஆகும். அதனால திரும்பற ரயிலுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விட்டு வெக்கணும். அந்த ஒரு நாளை "வேஸ்ட்"னு நினைச்சு வெட்டினா ரயிலை விட்டுட்டு பிளாட்பாரத்துல நிப்பீங்க.

இதெல்லாம் கண்டுபிடிச்சது நான். ஷீட்ல கலர் கலரா போட்டேன். தேர்ட் ஏசி டிக்கெட், டெல்லியில இருந்து கார், பால்கனியில இருந்து மலை தெரியற ரிசார்ட். கூட்டினா தலைக்கு 14,500 ரூபாய் வந்தது. கூகுள் பேல பணம் அனுப்ப ஒரு தேதி கொடுத்தேன். மூணு பேர்ல ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டாங்க. ஒருத்தன் "ஓகே மச்சி"ன்னான். கேப்டன் படிச்சான், நீலக் கலர் டிக் வந்தது, பதில் வரலை.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் கேட்டேன். பதில் இல்லை. காலேஜ்ல பார்த்தா "பார்க்கலாம்டா"ங்கறான். தேதி வந்தது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஷீட்ல பணம் போட்டவங்க பேருக்குப் பச்சை, போடாதவன் பேருக்குச் சிவப்பு. ஒரே ஒரு சிவப்புக் கட்டம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு, "நாளைக்குள்ள வரலைன்னா பேரை எடுத்துடுவேன், அப்புறம் யாரும் ஃபீல் பண்ணக்கூடாது"ன்னு எழுதி, பக்கத்துல ஒரு சிரிக்கற பொம்மை வேற.

அரை மணி நேரத்துல குரூப்ல ஒரு வரி வந்தது. கேப்டன் குரூப்பை விட்டு வெளியேறினார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்றேன். இவ்வளவு உழைச்சது நான், ஒரு வார்த்தை "வரலை"ன்னு சொல்ல முடியாதான்னு தோணுச்சு. ஒரு வாரம் பேசலை. கிளாஸ்ல அவன் முன் பெஞ்சுல, நான் கடைசி பெஞ்சுல. எட்டாம் கிளாஸ்ல இருந்து ஒண்ணா இருக்கோம், இப்படி ஒரு வாரம் போனதே இல்லை.

எங்க அம்மாதான் கேட்டாங்க, "அந்தப் பையன் ஏன் இந்தப் பக்கமே வரக்காணோம்?"னு. விஷயத்தைச் சொன்னேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிட்டே, "ஏன் கண்ணு, 14,500 அவன் எங்க இருந்து கொண்டு வருவான்?"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நான் அந்தக் கேள்வியை என் ஷீட்ல எங்கயுமே கேக்கலைன்னு அப்பத்தான் உறைச்சது.

அந்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவங்க அம்மா தையல் மெஷின்ல உட்கார்ந்திருந்தாங்க. "வா தம்பி"ன்னாங்க. மில் மூடினதுக்கப்புறம் அவங்க அப்பாவுக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை, உள்ளே தூங்கிட்டிருந்தார். டீ கொடுத்தாங்க.

"அவன் மண்டபத்துக்குப் போயிருக்கான் தம்பி. சனி ஞாயிறுல கேட்டரிங்காரர் கூட பந்தி பரிமாறப் போறான். நீங்க எல்லாரும் எங்கேயோ வடக்க மலைக்குப் போறீங்களாமே, அதுக்குச் சேக்கறான். நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சாம். உங்ககிட்ட சொல்லியிருப்பானே."

சொல்லலை. நான் டீயைக் குடிச்சு முடிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை.

சாயங்காலம் அவன் வர்ற வரைக்கும் தெருமுனையிலேயே நின்னேன். வெள்ளைச் சட்டையில சாம்பார் கறையோட வந்தான். என்னைப் பார்த்து நின்னான்.

"சாரிடா"ன்னேன்.

"எதுக்கு?"

"அந்தச் சிவப்பு."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னான், "நீ ரயில் பார்த்த, ரூம் பார்த்த, குளிர் எத்தனை டிகிரின்னுகூட பார்த்த. உன்னால எவ்ளோ முடியும்னு ஒரு தடவை கேட்டியாடா? எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு கடைசியில பில்லு நீட்ற."

நான் எதுவும் சொல்லலை. "நீ கஷ்டம்னு சொல்லியிருந்தா நாங்க போட்டிருப்போமே"ங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை சொல்லலை. அதை அவனே சொன்னான். "நீங்க போட்டிருப்பீங்க, தெரியும். அதுக்குத்தான்டா சொல்லலை."

இந்தக் கட்டுரையை நான் எழுதறதுக்குக் காரணம் இந்த ரெண்டு வரிதான். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாத, சாம்பார் கறையை வேணா போட்டுக்கோ"ன்னான்.

அப்புறம் நாங்க பிளானைத் தலைகீழா போட்டோம். இதை நீங்களும் செய்யலாம், ரொம்ப சுலபம். அஞ்சு பேரும் மணிக்கூண்டுகிட்ட டீக்கடையில கூடினோம். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். உன்னால கடன் வாங்காம, வீட்டுல கேக்காம, எவ்வளவு போட முடியும்னு மட்டும் எழுதணும். பேர் எழுதக்கூடாது. மடிச்சு ஒரு காலி பிஸ்கட் டப்பாவுல போடணும். அதுல இருக்கறதுலயே குறைஞ்ச தொகை எதுவோ அதுதான் பட்ஜெட். அதுக்குள்ள ஊர் வந்தா ஊருக்குப் போறோம், வரலைன்னா வர்ற தூரம் வரைக்கும் போறோம்.

பிரிச்சுப் பார்த்தோம். குறைஞ்சது 7,000. கேப்டன் எழுதினது அதுன்னு எல்லாரும் நினைச்சோம். ஆனா 7,000-னு ரெண்டு சீட்டுல இருந்தது. பச்சைக் கட்டத்துல இருந்த ஒருத்தனும் அதையேதான் எழுதியிருக்கான். அவன் 14,500-ஐ எப்படிப் போட்டான், யார்கிட்ட வாங்கினான்னு நான் கேக்கலை. மறுநாளே எல்லாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்.

இப்ப 7,000-க்குள்ள ஷீட் இதுதான். ரயில் ஸ்லீப்பர்ல போக வர, சென்னை பஸ்ஸையும் சேர்த்து 2,100. டெல்லி கோட்துவார் பஸ் போக வர 800. ஜீப் 300. ரூம் மூணு ராத்திரிக்குத் தலைக்கு 1,200. சாப்பாடு பத்து நாளைக்கு 2,100. அவசரத்துக்கு 500. ஒரு ரூபாய் மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. முதல் ரெண்டு நாள் ரயில்ல அம்மாக்கள் கட்டிக் கொடுக்கற புளிசாதமும் இட்லி மிளகாய்ப்பொடியும்தான், அந்தக் காசு பின்னாடி ரொட்டிக்கு ஆகும். பால்கனி ரிசார்ட் போச்சு. கட்வால் மண்டல் விகாஸ் நிகம்னு அங்க அரசு நிறுவனம் ஒண்ணு, டிப்-இன்-டாப் பக்கத்துல அவங்க விடுதி இருக்கு. பஜார் பக்கம் சின்ன லாட்ஜ்களும் இருக்கு. எது எங்க கணக்குக்குள்ள வருதோ அது. மலை எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே தெரியும்.

இதுல ஒரு நஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். அஞ்சுல ஒருத்தன் கழண்டுக்கிட்டான். ஸ்லீப்பர்ல ரெண்டு ராத்திரி தன்னால முடியாதுன்னான். முதல்ல ஃப்ளைட்ல வந்து டெல்லியில சேர்ந்துக்கறேன்னான், அப்புறம் அதையும் விட்டுட்டான். சண்டை இல்லை. இப்பவும் ஒண்ணாத்தான் கேண்டீன் போறோம். எல்லாருக்கும் பொருந்தற பிளான்னு ஒண்ணை என்னால போட முடியலை. யாரை விடறோம்னு தெரிஞ்சு விடறது ஒண்ணு, தெரியாமலே சிவப்பு அடிச்சு விடறது வேற.

லான்ஸ்டவுன்ல மூணு நாள் என்ன பண்ணப் போறோம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லை. தர்வான் சிங் பேர்ல படைப்பிரிவோட மியூசியம் இருக்கு, அங்கதான் முதல்ல. ராணுவ இடம், போட்டோ எடுக்கக் கூடாதுன்னா எடுக்கக் கூடாது. 1895-ல கட்டின செயின்ட் மேரி சர்ச். ஓக், பைன் மரங்களுக்கு நடுவுல நடக்கற பாதைகள். சாயங்காலம் சீக்கிரமே கடை மூடிடுவாங்களாம், அதனால சாப்பாட்டை முன்னாடியே முடிக்கணும். அப்புறம் ஒரு சின்ன செயற்கை ஏரி, படைப்பிரிவு இளைஞர்களோட உழைப்புல உருவானது. பேர் புல்லா தால். கட்வாலி மொழியில 'புல்லா'ன்னா தம்பி. தம்பி ஏரி. எங்க நாலு பேருக்கும் இந்தி சுத்தமா வராது, ஆனா இந்த ஒரு வார்த்தை போதும்னு கேப்டன் சொல்றான். யாராவது "புல்லா"ன்னு கூப்பிட்டா நம்மளைத்தான் கூப்பிடறாங்கன்னு புரிஞ்சுக்கலாம். எனக்கு அதைக் கேட்டதும் அவங்க அம்மா மெஷின்ல இருந்து நிமிர்ந்து "வா தம்பி"ன்னதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஊர் பேரை மாத்தற பேச்சும் நடக்குது. பழையபடி காலுடாண்டான்னு வெக்கணும்னு ஒரு பக்கம். 1962 போர்ல இறந்த கட்வால் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத் பேர்ல ஜஸ்வந்த்கட்னு வெக்கலாம்னு 2023-ல கன்டோன்மென்ட் போர்டு பரிந்துரை செஞ்சது. பாண்டிச்சேரி 2006-ல புதுச்சேரி ஆன ஊர்ல இருந்து போற நமக்கு இது புரியும். போர்டுல என்ன எழுதினாலும், பஸ் கண்டக்டர் இன்னிக்கும் "பாண்டி, பாண்டி"ன்னுதான் கூவறார்.

கடைசியா டிக்கெட். அந்த 60 நாள் கணக்கை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? முன்பதிவு திறந்த அன்னிக்குக் காலையில நான் லாகின் பண்ணியிருக்கணும். ஆனா அப்போ நாங்க பேசிக்காத வாரம் நடந்துட்டிருந்தது. சமாதானம் ஆகி, சீட்டுப் போட்டு, பணத்தைத் திருப்பி, மறுபடி சேர்த்து, புக் பண்றதுக்குள்ள ஒன்பது நாள் போயிடுச்சு. வாரத்துக்கு ஒரே வண்டி, கேக்கணுமா? நாலு டிக்கெட்ல ரெண்டு கன்ஃபர்ம், ரெண்டு ஆர்.ஏ.சி. ஆர்.ஏ.சி.ன்னா தெரியும்ல, சைடு லோயர்ல ஒரே சீட்டை ரெண்டு பேர் பாதி பாதியா பங்கு போட்டுக்கணும். படுக்க முடியாது, முழங்கால் இடிக்கும், ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் உட்காரணும்.

எந்தப் பேருக்கு எதுன்னு பார்த்தேன். ஒண்ணு என் பேர். இன்னொண்ணு கேப்டன்.

அது கன்ஃபர்ம் ஆகவும் வாய்ப்பு இருக்கு. தினமும் பி.என்.ஆர். பார்க்கறேன். அவனும் பார்க்கறான். நேத்து ராத்திரி குரூப்ல (திரும்பச் சேர்ந்துட்டான், பேரையும் மாத்திட்டான், இப்போ 'தம்பி ஏரி') ஒரு மெசேஜ் போட்டிருந்தான்: "ஆகலைன்னா ஜன்னல் பக்கம் நாக்பூர் வரைக்கும் நீ, அதுக்கப்புறம் நான்."

சரின்னு பதில் போட்டேன்.